பேட்ஜ் பீரோவில் இருக்கிறது

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்குப் போகும் காலை ஆறு பத்து வண்டியில் கண்டக்டர் துளசிங்கம் ஏறினால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து அவருக்கு வணக்கம் சொல்லும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இது சுத்தப் பொய். வண்டி பழசு, யார் ஏறினாலும் சாயும்.

ஆனால் துளசிங்கம் கனமான ஆள்தான். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. திருத்தணியில் ஒன்று, பொதட்டூர்பேட்டையில் ஒன்று, நடுவழியில் ஒன்று என்று வண்டி நிற்கும் மூன்று இடத்திலும் ஹோட்டல் இருந்தது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கேட்காமலே இலை போட்டுவிடுவார்கள். வேண்டாம் என்று சொன்னால், நாளையிலிருந்து வண்டியை எதிர் ஹோட்டலில் நிறுத்தப் போகிறார்களோ என்று முதலாளிகள் சந்தேகப்படுவார்கள். துளசிங்கத்துக்கு யாரையும் சந்தேகத்தில் விட்டுவைக்கப் பிடிக்காது. ஒரு நாளைக்கு நாலு நடை. பதினான்கு வருஷ சர்வீஸ். மீதியை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வரிசை சீட்டுக்கு நடுவில் அவரால் நடக்க முடியாது. பின்வாசலிலேயே நின்றுகொண்டு, "முன்னாடி வாங்கி அனுப்புங்க" என்று குரல் கொடுப்பார். காசு கைமாறிக் கைமாறி வரும், டிக்கெட் கைமாறிக் கைமாறிப் போகும். யாரும் ஏமாற்றியதில்லை. 1981ஆம் வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில்தான் வினை வந்தது. முன்சீட்டில் ஒரு அம்மாவுக்கு மயக்கம் என்று கேட்டதும், தன் அளவு மறந்து துளசிங்கம் உள்ளே புகுந்துவிட்டார். மூன்றாவது சீட்டில் மாட்டிக்கொண்டவரை, அம்மையார்குப்பத்தில் மெக்கானிக்கை வரவழைத்து, ஸ்பானர் போட்டுச் சீட்டைக் கழற்றித்தான் வெளியே எடுத்தார்கள். மயங்கிய அம்மா அதற்குள் தெளிந்து, எழுந்து நின்று, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் முதலாளி ராஜகோபால் நாயுடு அன்று சாயங்காலமே கூப்பிட்டனுப்பினார்.

"நைனா, உன்னைக் கழட்டறதா சீட்டக் கழட்டறதான்னு எனக்கே கொழப்பமா கீது," என்றார். கையில் அன்றைய பேப்பர் இருந்தது. "பாரு, மெட்ராஸ்ல கவர்மெண்டு ஆஸ்பத்திரில புதுசா தொறந்துகீறாங்களாம். வயித்த அறுத்து, குடலைச் சின்னதாக்கித் தைச்சு அனுப்பிடுவாங்களாம். போய்ப் பண்ணிகினு வா. கண்டக்டர் பை உன்னிதுதான்."

வீட்டில் மனைவி மனோரமாவுக்கு இதைக் கேட்டதும் பாதி பயம், பாதி நிம்மதி. துளசிங்கம் தூங்கும்போது மூச்சு நின்று நின்றுதான் வரும். நின்றதும் மனோரமா விரல்விட்டு எண்ண ஆரம்பிப்பாள். பத்துக்குள் வந்துவிட்டால் சரி. வராவிட்டால் முட்டியால் ஒரு இடி. துளசிங்கம் திடுக்கிட்டு விழித்து, "இன்னா, ஸ்டாப்பிங்கா?" என்பார். அவளுக்கு அழுகை வரும். சிரித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

மறுவாரம், காலை நடை முடித்த கையோடு காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ரயில் பிடித்து மெட்ராசுக்குப் போனார். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் நமக்கு வேண்டாம். உடற்பருமன் அறுவைத் துறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் இருந்தது. லிப்டில் 'அதிக எடை ஏற்றக் கூடாது' என்று ஒரு போர்டும் இருந்தது. ஆகவே அந்தத் துறைக்கு வருகிறவர்கள் மட்டும் படியில் ஏறினார்கள்.

துறையின் கண்காணிப்பாளர் வரதராஜன் அப்போது ஒல்லியாக, வெடவெடவென்று இருந்தார். நாலு பேருக்கு நடுவில் பேசினாலும் கடிதம் எழுதுவதுபோல்தான் பேசுவார்.

"எடை என்ன?"

"தெரியாதுங்க சார். இங்க போட்டுப் பாத்துக்கலாம்னு வந்தேன்."

"இங்குள்ள மிஷின் நூறு கிலோ வரைதான் காட்டும். இது நூறுக்கு மேற்பட்டவர்களுக்கான துறை. ஆகையால் இந்தத் துறைக்கு மிஷினே தேவையில்லை என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. வெளியில் போட்டுச் சான்றிதழ் கொண்டுவாருங்கள். சர்க்கார் தராசாக இருக்க வேண்டும்." பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, சட்டைப் பையைப் பார்த்தார். "அது என்ன?"

"கண்டக்டர் பேட்ஜுங்க."

"உலோகமா?"

"பித்தளைங்க சார்."

"கழற்றுங்கள். ஆபரேஷன் நோயாளியின் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது."

துளசிங்கம் பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டார். "ஆபரேஷன் இன்னிக்கேங்களா?"

"இன்றைக்கு இல்லை. ஆனால் பெயர் பதிவான நிமிஷத்திலிருந்து நீங்கள் ஆபரேஷனுக்கு முந்தைய நிலையில் இருக்கிறீர்கள். அந்த நிலை பத்து நிமிஷமா, பத்து வருஷமா என்று விதியில் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் பொருள் திருப்பித் தரப்படும்."

பேட்ஜ் ஒரு கவருக்குள் போயிற்று. கவருக்கு அரக்கு முத்திரை விழுந்தது. கவர் பச்சை நிற இரும்பு பீரோவுக்குள் போயிற்று. துளசிங்கத்தின் கையில் ஒரு மஞ்சள் அட்டை வந்தது. 'காத்திருப்போர் எண் 41.'

பேட்ஜ் இல்லாமல் தோளில் பை மாட்ட முடியாது. வண்டியை நிறுத்திச் சோதித்தால் முதலாளிக்குத்தான் தொந்தரவு. பேட்ஜ் கொடுத்த ஆபீசுக்குப் போய் வேறொன்று கேட்டார். தொலைந்தால்தான் தருவோம், எங்கே இருக்கிறது என்று தெரிந்த பொருள் எப்படித் தொலைந்ததாகும் என்று கேட்டார்கள். நியாயம்தான். நாயுடு அவரை பஸ் நிலையத்தில் ஒரு ஸ்டூல் போட்டு டைம் கீப்பராக உட்காரவைத்து, தன் மச்சான் மகன் சின்னசாமியின் தோளில் பையை மாட்டினார். சின்னசாமி கொடிக்கம்பிபோல் இருப்பான். கூட்டத்தில் புகுந்து புறப்படுவான். ஒவ்வொரு காலையும் ஆறு பத்துக்குத் துளசிங்கம் விசில் ஊத, வண்டி அவர் இல்லாமல் போயிற்று. மனிதர் அதற்கு ரொம்பத்தான் வருத்தப்பட்டார்.

"பைய உனுக்காவத்தான் அவன்கிட்ட குடுத்து வெச்சுகீறேன்," என்றார் நாயுடு. "ஆனா காலத்துக்கும் முடியாது நைனா. சீக்கிரம் அறுத்துகினு வா."

சர்க்கார் தராசு தேடிப் பக்கத்து ரயில் நிலையம் ஒன்றின் பார்சல் ஆபீசுக்குப் போனார். ஸ்டேஷன் பெயரும் வேண்டாம். அந்த பார்சல் கிளார்க்குக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

"ஆள எட போட ரூல் இல்ல," என்றார் கிளார்க். "பார்சல எட போடத்தான் ரூல். புக் பண்ணாத்தான் ரசீது. ரசீதுலதான் எட இருக்கும்."

"அப்ப புக் பண்ணிடுங்க சார்."

அந்தப் பக்கத்துத் தறிகளிலிருந்து வழக்கமாகப் போகும் சரக்கு லுங்கிதான் என்பதால், 'லுங்கிக் கட்டு, ஒன்று, 138 கிலோ, மெட்ராஸ்' என்று ரசீது எழுதப்பட்டது. முதுகில் ஒரு சீட்டும் ஒட்டப்பட்டது. டிக்கெட் வாங்கிக்கொண்டு பெட்டியில் ஏறப்போனவரைக் கிளார்க் ஓடிவந்து தடுத்தார். புக் ஆன பார்சல் பாசஞ்சர் பெட்டியில் போனால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். துளசிங்கம் பார்சல் வண்டியில், கோழிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மெட்ராஸ் போய்ச் சேர்ந்தார். வரதராஜன் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முத்திரை தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். மாதம் ஒன்று இப்படிக் கொண்டுவர வேண்டும் என்றார்.

பிறகு விதிகளைப் படித்துக் காட்டினார். நாலாம் விதி: நோயாளி கட்டுப்பாடுள்ளவர் என்பதை நிரூபிக்க, காத்திருக்கும் காலத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். ஒன்பதாம் விதி: நூற்றுமுப்பது கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் ஆபரேஷனுக்குத் தகுதியற்றவர்கள்.

துளசிங்கம் டிக்கெட் கிழித்த மனிதர். மனக்கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "சார், பத்துல ஒண்ணு கொறைச்சா நான் நூத்தி இருவத்தி நாலு ஆயிடுவேனே? அப்பால ஆபரேஷன் கெடையாதுங்களே?"

"இரண்டும் மிகச் சரியான விதிகள். இரண்டையும் ஒரே ஆளின் மேல் பொருத்திப் பார்ப்பது உங்கள் தவறு," என்றார் வரதராஜன்.

ஏழாம் நம்பர் பாரம் ஒன்றும் கொடுத்தார். நோயாளி அமைதியான சுபாவம் உடையவர் என்று கெஜட்டில் பெயர் வந்த அதிகாரி ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதித் தரவேண்டும். துளசிங்கத்துக்குத் தெரிந்து அப்படிப்பட்ட அதிகாரி, மூன்று மைல் தள்ளியிருந்த மாட்டு டாக்டர் ஞானப்பிரகாசம் ஒருவர்தான். பஸ் போகாத இடம். நடந்தே போனார். ஞானப்பிரகாசம் நல்ல மனிதர். கையெழுத்துப் போட என்றைக்கும் தயங்காதவர். பழக்க தோஷத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். 'சுபாவம் சாது. முட்டும் பழக்கம் இல்லை. தீவனம் ஒழுங்காக எடுக்கிறது' என்று எழுதி முத்திரை வைத்தார். ஆஸ்பத்திரியில் அதற்கும் ஒரு ஆட்சேபணையும் வரவில்லை.

இதெல்லாம் போக, மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை 'காத்திருப்பைத் தாங்கும் வகுப்பு' என்று ஒன்று நடந்தது. வராதவர்களின் எண் பின்னுக்குத் தள்ளப்படும். ஐம்பது அறுபது பேர் மூன்று மாடி ஏறி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து சேர்வார்கள். கை வைத்த நாற்காலிகள் போட்டிருக்கும். அதில் யாரும் உட்கார முடியாததால் எல்லோரும் சுவர் ஓரமாக நிற்பார்கள். பத்து மணி வகுப்புக்கு வரதராஜன் பன்னிரண்டு மணிக்கு வருவார்.

"இப்போது இரண்டு மணி நேரம் காத்திருந்தீர்கள். ஏதாவது ஆயிற்றா? ஆகவில்லை. இதுதான் முதல் பாடம்," என்று ஆரம்பிப்பார். "காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. இந்தத் துறை ஆரம்பித்த நாளிலிருந்து ஆபரேஷன் மேஜையில் ஒரு உயிர்கூடப் போனதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. துளசிங்கம் மரியாதையாகக் கையை உயர்த்தினார். "மொத்தம் எத்தினி பேருக்குப் பண்ணிகீறாங்க சார்?"

"அது வேறு ரெஜிஸ்டர்," என்றார் வரதராஜன்.

அப்புறம் விசாரித்ததில், அந்த ஆபரேஷனைச் செய்யத் தெரிந்த ஒரே டாக்டர் அதை இன்னும் நன்றாகத் தெரிந்துகொண்டு வர வெளிநாடு போயிருக்கிறார் என்று தெரிந்தது. திரும்பி வரும் தேதியை அவர் எழுதவில்லை. ஆபரேஷன் மேஜை நூறு கிலோவுக்கு மேல் தாங்காது என்பதால் வேறு மேஜைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள்.

வகுப்பு முடிவில் போண்டா வரும், ஆளுக்கு இரண்டு. முதல் மாதம் ஒரு பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டியதும் வரதராஜன் பதறிப்போனார்.

"ஐயா, வகுப்புக்கு வருபவர்களுக்குச் சிற்றுண்டி தரவேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. நீங்கள் சாப்பிடாவிட்டால், தணிக்கைக்கு வருகிறவர்கள் போண்டாவே வாங்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். உங்கள் உடம்பை இளைக்க வைக்க நான்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். என் வேலையைக் காப்பாற்ற நான் ஒருவன்தான் இருக்கிறேன். தயவுசெய்து சாப்பிடுங்கள்."

சாப்பிட்டார்கள். துளசிங்கம் மட்டும் சாப்பிடவில்லை. மாடி ஏறிய மூச்சு அவருக்குச் சமனாவதற்குள் போண்டா ஆறிவிடும். ஆறிய போண்டாவை அவர் தொடமாட்டார். மிச்சமானதையெல்லாம், துறையின் பேருக்குக் களங்கம் வரக்கூடாது என்று, வரதராஜனே சாப்பிட்டுத் தீர்த்தார்.

இப்படியே நாலு ஆடிக் கிருத்திகை போயிற்று. டைம் கீப்பருக்கு எந்த ஹோட்டலிலும் இலை போடமாட்டார்கள். மனோரமா கட்டித்தந்த டிபன் பாக்ஸ்தான். மாதா மாதம் பார்சல் ஆபீசுக்கு நடை, மாட்டு டாக்டரிடம் ஆறு மைல் நடை, மூன்று மாடி ஏற்றம், மூன்று மாடி இறக்கம், இன்ன காகிதம் இல்லை என்று அதே நாளில் இன்னொரு ஏற்றம். லுங்கிக் கட்டின் எடை ரசீதுக்கு ரசீது குறைந்துகொண்டே வந்தது. வழியில் திருட்டுப் போகிறதோ என்று பார்சல் கிளார்க் கவலைப்பட்டார். வரதராஜன் முத்திரையை மட்டும் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார். இரவில் மனோரமா எண்ண ஆரம்பித்தால் இரண்டுக்கே மூச்சு வந்துவிடும். பிறகு எண்ண வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. இருந்தும் பழக்கம் விடவில்லை. ஒன்று, இரண்டு என்று தொடங்கி அவளே தூங்கிப்போவாள்.

அந்த நேரத்தில்தான் நாயுடு கூப்பிட்டு, "நைனா, இப்ப நீ வண்டிக்குள்ள ஓடலாம் போலகீது. பேட்ஜ் எங்க? தை பொறக்கறதுக்குள்ள கொண்டா. இல்லன்னா சின்னசாமியையே நிரந்தரமா போட்டுடுவேன். அவங்கப்பன் தெனம் வந்து உக்காந்துகினு உசுர வாங்கறான்," என்றார்.

துளசிங்கம் மனோரமாவையும் கூட்டிக்கொண்டு மெட்ராசுக்குப் போனார். மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார். வரதராஜன் அவரை அந்தத் துறையின் மிஷினிலேயே ஏற்றிப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு. வாங்கிய நாளிலிருந்து அந்த மிஷின் ஒரு நோயாளிக்கு எடை காட்டியது அன்றுதான். வரதராஜன் முகம் வாடிவிட்டது.

"தொண்ணூற்றிரண்டு என்றால் உங்களுக்குத் தகுதி இல்லை. தகுதி இல்லாவிட்டால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் நடக்காவிட்டால், ஆபரேஷன் முடிந்ததும் தரவேண்டிய பொருளை நான் எப்படித் தருவது?"

"அப்ப எம்பேர அடிச்சுடுங்க சார்."

"பெயர் நீக்கத்துக்கு என்று தனியாக ஒரு காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. அதில் இப்போது சேர்ந்தால் நூற்றுப்பன்னிரண்டாவதாக வருவீர்கள். அல்லது, மறுபடி முப்பத்தெட்டு கிலோ ஏறி வாருங்கள். ஆபரேஷன் பட்டியலில் நீங்கள்தான் முதல் ஆள்."

"அய்யோ, வயித்தெரிச்சலே!" என்றாள் மனோரமா.

வரதராஜன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எழுந்திருக்க அவருக்கு மேஜையின் உதவி வேண்டியிருந்தது. நாலு வருஷப் போண்டா சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே தெரிந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். கடித பாஷை எங்கேயோ போய்விட்டது.

"துளசிங்கம், நிஜத்தைச் சொல்லுங்க. எப்படி இளைச்சீங்க? எனக்கு நூத்திப் பதினெட்டு ஆயிடுத்து. மூட்டு வலி தாங்கலே."

"ஒண்ணும் பண்ணலீங்க சார். உங்க ஆபீசுக்கு வந்துகினும் போய்கினும் இருந்தேன். அவ்ளோதான்."

வரதராஜன் யோசித்தார். "நானும் தினம் இங்கேதானே வரேன்?"

"நீங்க வந்து உக்காந்துடறீங்க சார்."

"உங்க ஆபீஸ்லயே பேரு குடுத்துடுங்களேன் சார்," என்றாள் மனோரமா. அவள் கிண்டலாகச் சொல்லவில்லை.

வரதராஜன் மிரண்டுபோனார். "இங்கேயா? ஏம்மா, கல்யாணத்துக்கு ரெண்டு பொண்ணு நிக்கறது. நான் உயிரோட இருக்க வேண்டாமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. பிறகு ஒரு நீல பாரத்தை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

"உடனே பொருளைக் கொடுக்க ஒரே ஒரு வழிதான் இருக்கு. காத்திருக்கிறபோதே நோயாளி காலமாயிட்டா, வாரிசுகிட்ட அன்னிக்கே ஒப்படைக்கலாம். மரணச் சான்றுகூட வேண்டாம். ஆஸ்பத்திரியிலே செத்தாத்தான் சான்று. காத்திருந்து செத்தா அது இயற்கைன்னு எழுதியிருக்கு. அம்மா, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க. 'மேற்படியாரின் விதவை'ங்கற இடத்துக்கு நேரா."

மனோரமா பேனாவை வாங்கினாள். அந்த வரியைப் படித்தாள். பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"போடமாட்டேன்."

"சும்மா ஒரு காகிதம்தானே மனோரமா," என்றார் துளசிங்கம்.

"நீ சும்மா இரு. எத்தினி வருசமா ராத்திரி ராத்திரி உம்மூச்ச எண்ணிகினு கெடந்தேன் தெரியுமா உனுக்கு? பத்து ஆவறதுக்குள்ள வருமா வராதான்னு வயித்துல நெருப்பக் கட்டிகினு கெடந்தேன். முட்டியால இடிச்சு இடிச்சு உன்ன இழுத்துகினு வந்துகீறேன். எமனாண்டயே குடுக்கல, இந்த ஆளுக்கு எழுதிக் குடுத்துடுவேனா?" அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

துளசிங்கத்துக்கு அவள் இடித்து எழுப்பியது தெரியும். எண்ணியது அவருக்குத் தெரியாது. அவளுடைய தோளில் கை வைத்துக்கொண்டே மற்றக் கையால் பேனாவை எடுத்தார். 'விதவை' என்பதை அடித்துவிட்டு, 'வாரிசு' என்ற இடத்தில் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'இறந்தவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் 'ரொம்ப நெருக்கம்' என்று எழுதினார்.

வரதராஜன் வாங்கிப் பார்த்தார். "உறவுக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றுதான் விதி. என்ன உறவு இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை," என்றார். பழைய பாஷை திரும்பி வந்துவிட்டது. பீரோவைத் திறந்து கவரை எடுத்து, அரக்கை உடைத்து, பேட்ஜை இரண்டு கைகளாலும் நீட்டினார். "துறையின் சார்பில் ஆழ்ந்த அனுதாபங்கள்."

"ரொம்ப நன்றிங்க சார்," என்றார் துளசிங்கம்.

மறுநாள் காலை ஆறு பத்து வண்டியில், லுங்கி மூட்டைகளுக்கு நடுவே, பின்வாசலிலிருந்து டிரைவர் சீட்டு வரை அவர் நடந்து போனார். திரும்பி நடந்து வந்தார். டிக்கெட் எல்லாம் கொடுத்து முடிந்த பிறகும் வேலையில்லாமல் இன்னும் இரண்டு தடவை நடந்தார்.

மாசி மாதம் தபால்காரர் கிருஷ்ணன் ஒரு ரிஜிஸ்டர் கடிதத்தோடு வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"யக்கா, ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துகீது. 'காலஞ்சென்ற திரு. துளசிங்கம் அவர்களுக்கு'ன்னு போட்டுகீறாங்க. உள்ள ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துகீறாங்களாம், கவர் மேலயே எழுதிகீது. வரலன்னா ஏன் வரலன்னு நேர்ல வந்து சொல்லணுமாம். அவரு கையெழுத்து போட்டாத்தான் குடுப்பேன். கீறாரா?"

மனோரமா முறத்தில் இருந்த அரிசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இல்லப்பா. உசுரோட இருந்த வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல ஸ்டூல் மேலயேதான் உக்காந்துகினு இருந்தாரு. செத்ததுலேர்ந்து அந்த மனுசனுக்கு உக்கார நேரமில்ல. பொதட்டூர்பேட்ட வண்டி வரும், ஏறிப் பாரு. உள்ள நடந்துகினு இருப்பாரு."